மட்டி வாய் திறந்த பிறகு

சீன வீடுகளில் மட்டி சமைக்கப் பத்து நிமிடம் போதும். அதில் கடைசி மூன்று நான்கு நிமிடங்கள்தான் முக்கியமானவை. ஷாங்காய் நகரம் இதைக் கற்றுக்கொள்ளக் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

கிளிஞ்சல் என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சுண்ணாம்பு. காளவாயில் சுட்டுச் சுவருக்கு அடித்தோம், வெற்றிலையில் தடவினோம். அந்த ஓட்டுக்குள் குடியிருந்த பிராணியைப் பற்றி அவ்வளவாக யோசித்ததில்லை. கடலோரத்துக்காரர்கள் அதை மட்டி என்று அழைத்து, குழம்பு வைத்துச் சாப்பிட்டு, ஓட்டை மட்டும் நமக்கு அனுப்பினார்கள்.

சீனாவின் கடலோரத்தில் மட்டி அன்றாடச் சாப்பாடு. இறாலும் நண்டும் விருந்தாளிக்கு, மட்டி வீட்டுக்காரர்களுக்கு. உலகில் வளர்க்கப்படும் மணிலா மட்டியில் பெரும்பங்கு சீனாவில்தான் விளைகிறது. சேற்றுத் திட்டுகளில் குஞ்சுகளை விதைத்து அறுவடை செய்கிறார்கள். மாலையில் வேலை முடிந்து திரும்பும்போது ஒரு கிலோ வாங்கி வந்தால், அரிசி வேகும் நேரத்தில் குழம்பும் தயார்.

நம் ஊர் 'சைனீஸ்' ஓட்டல்களின் மெனுவில் இது அநேகமாக இருக்காது. சீனாவில் யாரும் கேள்விப்படாத கோபி மஞ்சூரியன் இருக்கும். சீனர்கள் வாரம் தவறாமல் சாப்பிடும் மட்டி இருக்காது. சீன மொழியில் வீட்டுச் சமையலுக்கு 'ஜியாசாங் சாய்' என்று பெயர். வீட்டில் வழக்கமாகச் செய்வது என்று பொருள். சாமான்கள் குறைவு, நேரம் குறைவு. வேண்டியதெல்லாம் கைப்பக்குவம். மட்டியைப் பொறுத்தவரை அந்தப் பக்குவம் முழுவதும் ஒரே விஷயத்தில் அடங்கியிருக்கிறது. ஓட்டுக்குள் இருக்கும் தண்ணீரை என்ன செய்வது?

முதலில் ருசியைப் பார்ப்போம். சீனர்கள் 'ஷியென்' என்று ஒரு சுவையைச் சொல்வார்கள். அந்த எழுத்தில் பாதி மீன், பாதி ஆடு. இரண்டையும் கொதிக்க வைத்த சாற்றில் நாக்குக்குக் கிடைக்கும் நிறைவைக் குறிக்கும் சொல் அது. மட்டியில் இந்தச் சுவை தூக்கலாக இருப்பதற்குக் காரணம் உப்புத் தண்ணீர்தான். கடலில் வாழும் மட்டி, வெளியே உள்ள உப்புக்கு ஈடுகொடுக்கத் தன் உடம்புக்குள் அமினோ அமிலங்களைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அவற்றில் சில இனிப்பானவை; குளூட்டமேட் என்பது அஜினோமோட்டோவின் சுவை. கூடவே சக்சினிக் அமிலம் என்ற ஒன்றும் மட்டிக்கே உரிய ருசியைத் தருகிறது. சூடு பட்டு ஓடு திறந்ததும் இவை எல்லாம் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சதையை மட்டும் சாப்பிடுவது, ரசத்தைக் கொட்டிவிட்டுப் பருப்பைத் தின்பது போல.

இதை ஒளிவுமறைவு இல்லாமல் காட்டும் ஊர் சிங்தாவ். வட சீனாவின் ஷாண்டோங் மாநிலத்துத் துறைமுகம். ஜெர்மானியர்களும் ஆங்கிலேயர்களும் 1903-ல் அங்கே பீர் ஆலை தொடங்கினார்கள். பக்கத்து ஜியாவ்சோ வளைகுடாவில் மட்டி ஏராளம். இரண்டும் சேர்ந்து அந்த ஊரின் அடையாளமே ஆகிவிட்டன: மட்டி தின்பது, பீர் குடிப்பது. கோடைக்கால மாலைகளில் பீரை பிளாஸ்டிக் பையில் எடை போட்டு வாங்கிக்கொண்டு, இன்னொரு கையில் மட்டிப் பையோடு வீடு திரும்புகிறவர்களை அங்கே பார்க்கலாம்.

சிங்தாவ் வீடுகளில் செய்யும் எளிய முறையில் தண்ணீர் சேர்ப்பதில்லை, எண்ணெய் இல்லை, உப்பும் இல்லை. ஒரு கிலோ மட்டியைக் கழுவி அடி கனமான பாத்திரத்தில் போடுகிறார்கள். நாலைந்து இஞ்சித் துண்டு, இரண்டு வெங்காயத்தாள். இறுக மூடி, தீயைப் பெரிதாக வைத்தால் மட்டியே தன் தண்ணீரை விட்டு அதிலேயே வேகும். 'சொந்தச் சாறு மட்டி' என்று இதற்குப் பெயர். அடியில் சேரும் வெண்மையான சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கலாம், நூடுல்ஸில் விடலாம். அடி மண்டியை மட்டும் விட்டுவிட வேண்டும். எவ்வளவு கழுவினாலும் மணல் கொஞ்சம் இருக்கும்.

அதே ஊரில் காரப் பிரியர்களுக்கு வேறு முறை. வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் வரமிளகாய், பூண்டு, இஞ்சி. மணம் வந்ததும் மட்டி. ஓடுகள் இரும்பில் மோதிச் சடசடவென்று சத்தம் போடும். தமிழ்நாட்டின் சில பகுதிகளிலும் கேரளத்திலும் வாணலிக்குச் சீனச்சட்டி என்று பெயர் இருக்கிறதே, அந்தப் பெயருக்கு நியாயம் செய்யும் சமையல் இதுதான்.

தெற்கே குவாங்டோங் மாநிலத்திலும் ஹாங்காங்கிலும் மட்டிக்குத் துணை கறுப்பு சோயா பருப்பு. உப்பில் ஊறிப் புளித்துச் சுருங்கிய சோயா மொச்சை அது. உலர்ந்த திராட்சை போல இருக்கும். வாசனை நம் உப்பு நார்த்தங்காயைப் போல ஆளைத் தூக்கும். ஒரு மேஜைக்கரண்டி எடுத்து அலசி, பூண்டோடு லேசாக நசுக்கி, எண்ணெயில் வதக்க வேண்டும். பச்சை மிளகாயோ குடைமிளகாயோ சேர்த்து, மட்டியைக் கொட்டி, ஒரு கரண்டி அரிசி ஒயின் தெளித்து மூடுகிறார்கள். ஒயின் இல்லாவிட்டால் குடி மூழ்கிவிடாது, இஞ்சியைக் கூட்டினால் போதும். கடைசியில் கார்ன்ஃப்ளோரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் சாறு கெட்டியாகி ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். காரணம் இல்லாமல் இல்லை. தண்ணீராக இருந்தால் தட்டில் தேங்கிவிடும். கெட்டியாக இருந்தால் ஓட்டை உறிஞ்சும்போது வாய்க்கு வரும். உப்பு மட்டும் போடாதீர்கள். மட்டியிலும் உப்பு, பருப்பிலும் உப்பு.

ஷாங்காய்ப் பக்கத்து வீடுகளில் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் பிடித்த பண்டம் மட்டி போட்டு அவித்த முட்டை. பதினைந்து மட்டியை ஒரு கிண்ணம் தண்ணீரில் வேகவைத்து எடுத்து, சாற்றை வடிகட்டி ஆற விடுகிறார்கள். மூன்று முட்டையை நுரைக்காமல் அடித்து, முட்டையைப் போல இரண்டு மடங்கு சாற்றைக் கலக்க வேண்டும். சாறு வெதுவெதுப்பாக இருக்கலாம், சூடாக இருந்தால் முட்டை திரிந்துவிடும். வடிகட்டி, அகலக் கிண்ணத்தில் ஊற்றி, வாய் பிளந்த மட்டிகளை அதில் அடுக்கி, மேலே ஒரு தட்டு மூடி, இட்லிப் பானையில் குறைந்த தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் பால்கோவாவை விட மிருதுவாக வரும். மேலே சில துளி சோயா சாஸ், சில துளி எள் எண்ணெய். சீனர்களின் எள் எண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. நம் நல்லெண்ணெயில் அந்த வாசனை கிடைக்காது.

தைவானில் மட்டியோடு சேர்வது நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு காய்: பீர்க்கங்காய். அவர்கள் பயன்படுத்துவது வரியில்லாத வழவழப்பான நுரைப்பீர்க்கு. நம் வரிப்பீர்க்கும் பரவாயில்லை. தோல் சீவித் துண்டு போட்டு, இஞ்சியோடு வதக்கி, மூடி வைத்தால் காயே தண்ணீர் விடும். பாதி வெந்ததும் மட்டி சேர்ப்பார்கள். இரண்டின் சாறும் கலந்து காய்க்குள் ஏறும். பீர்க்கங்காய்க்குச் சொந்த ருசி என்று பெரிதாக எதுவும் இல்லாததால், கொடுத்ததை வாங்கிக்கொள்கிறது. வெண்பூசணி சேர்த்த மட்டி சூப்பும், டோஃபு சேர்த்ததும் இதே குணம் உள்ளவை.

ஆனால், மட்டியின் தண்ணீர் ருசியை மட்டும் தூக்கி வருவதில்லை.

மட்டி உணவு தேடி அலைவதில்லை. சேற்றில் புதைந்தபடி, ஒரு குழாயால் தண்ணீரை இழுத்து, அதில் மிதப்பதைச் சலித்துத் தின்று, இன்னொரு குழாயால் வெளியே விடுகிறது. நாள் முழுவதும் இதே வேலை, பல லிட்டர் தண்ணீர். கடல் சுத்தமாக இருந்தால் பாசி. கடலில் ஊர்ச் சாக்கடை கலந்திருந்தால் அதில் உள்ள கிருமிகளும் உடம்பில் சேரும். தண்ணீரில் மிகக் கொஞ்சமாக இருந்த வைரஸ் மட்டியின் குடலில் திரண்டு நிற்கும்.

1987-ன் கடைசியில் ஷாங்காய்ச் சந்தைகளுக்கு ரோமக் கிளிஞ்சல் என்ற வகை மலிவாக வந்து குவிந்தது. பக்கத்து ஜியாங்சு மாநிலத்தின் சிடோங் கடற்கரையில் எடுத்தது. ஓட்டில் மெல்லிய ரோமம், உள்ளே ரத்தச் சிவப்பில் சாறு. ஷாங்காய்க்காரர்கள் இதை வேகவைப்பதில்லை. கொதிக்கும் தண்ணீரை மேலே ஊற்றி, அல்லது அதில் ஒரு முக்கு முக்கி எடுத்து, ஓடு கொஞ்சம் தளர்ந்ததும் நாணயத்தால் நெம்பித் திறப்பார்கள். சோயா சாஸ், வினிகர், இஞ்சியில் தொட்டு வாயில் போடுவார்கள். சிவப்பு மாறாமல் இருந்தால்தான் ருசி. வெந்துவிட்டால் ரப்பர் என்பது வழிவழி வந்த நம்பிக்கை.

ஹெபடைடிஸ் ஏ என்ற மஞ்சள் காமாலை உடம்புக்குள் நுழைந்து வெளியே தெரியச் சுமார் ஒரு மாதம் ஆகும். 1988 ஜனவரியில் தெரிந்தது. பிப்ரவரி 17 சீனப் புத்தாண்டு. அதற்குள் மருத்துவமனைகள் நிரம்பி, பள்ளிக்கூடங்களும் தொழிற்சாலைக் கூடங்களும் வார்டுகள் ஆயின. மார்ச்சில் அலை ஓய்ந்தபோது நோயாளிகளின் எண்ணிக்கை சுமார் மூன்று லட்சம். உயிரிழந்தோர் குறைவு என்பது மட்டுமே ஆறுதல். ஆய்வாளர்கள் ரோமக் கிளிஞ்சலில் இருந்தே வைரஸைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். நகரில் அதன் விற்பனைக்குத் தடை வந்தது. ஒரே பாத்திரத்தில் எல்லோரும் குச்சியை விடும் பழக்கத்தைப் பற்றிக்கூட அப்போது வீடுகளில் பேச்சு எழுந்தது.

நோயாளிகளில் பெரும்பாலோர் 20 முதல் 40 வயதுக்குள் இருந்தவர்கள். இதற்கும் காரணம் உண்டு. ஹெபடைடிஸ் ஏ சிறு வயதில் வந்தால் லேசாக வந்து போய்விடும்; ஆயுள் முழுவதும் எதிர்ப்புச் சக்தி கிடைக்கும். பழைய ஷாங்காயில் வளர்ந்த வயதானவர்களுக்கு அது இருந்தது. தண்ணீரும் சாக்கடையும் சீரான காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இல்லை. வளர்ந்த பின் வந்தால் நோய் கடுமையாக இருக்கும். இது நமக்கும் பொருந்தும். பம்பாயிலும் தில்லியிலும் சென்னையிலும் வடிகட்டிய தண்ணீர் குடித்து வளரும் பிள்ளைகள், அப்பா அம்மாவிடம் இருந்த அந்தப் பாதுகாப்பு இல்லாமல்தான் பெரியவர்கள் ஆகிறார்கள். சீனா 2008-ல் ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசியைக் குழந்தைகளுக்கான தேசியத் திட்டத்திலேயே சேர்த்துவிட்டது.

சமையலறைக்கு இதில் என்ன பாடம்? மட்டி வாய் திறந்துவிட்டால் வெந்துவிட்டது என்று உலகெங்கும் சமையல்காரர்கள் நம்புகிறார்கள். திறப்பது எப்படி என்று பார்த்தால் விஷயம் புரியும். இரண்டு ஓடுகளையும் இணைக்கும் கீல் எப்போதும் திறக்கப் பார்க்கும். உள்ளே இரண்டு தசைகள் இழுத்து மூடி வைத்திருக்கின்றன. சூட்டில் தசையின் பிடி விட்டதும் கீல் ஜெயிக்கிறது. அவ்வளவுதான். நடுக்குடல் வரை சூடு போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு அது சாட்சி அல்ல. ஹெபடைடிஸ் ஏ வைரஸ் சூட்டை ஓரளவு தாங்கக்கூடியது. சதையின் உட்புறம் 90 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒன்றரை நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய நாடுகள் வைத்திருக்கும் விதி. வீட்டுக் கணக்கில் சொன்னால், வாய் திறந்த பிறகு மேலும் மூன்று முதல் ஐந்து நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் ருசி தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். ஐந்து நிமிடத்தில் சதை இறுகும் என்பது உண்மைதான். ஆனால் மேலே சொன்ன சமையல்களை இன்னொரு முறை பாருங்கள். முட்டையில் அவிப்பது, பீர்க்கங்காயோடு வேகவைப்பது, பூசணி சூப், சொந்தச் சாறு. எல்லாவற்றிலும் மட்டியின் ருசி சதையை விட்டுச் சாற்றுக்கு வந்து, அங்கிருந்து முட்டைக்கும் காய்க்கும் போய்விடுகிறது. கூடுதல் நிமிடங்களில் நஷ்டம் எதுவும் இல்லை, சாறு இன்னும் செறிவாகிறது. முட்டைப் பண்டத்தில் மட்டி இரண்டு முறை சூடு காண்கிறது. ஷாங்காயில் 1988-ல் ஆளைக் கவிழ்த்தது மட்டி அல்ல, அரைவேக்காடு. அதே ஊரின் பாட்டிமார் பேரனுக்குச் செய்து கொடுத்த முட்டைக் கிண்ணத்தில் ஆபத்துக்கு இடமே இல்லை. வாணலியில் வதக்குவதானாலும், ஓடு திறந்த பின் மூடி போட்டுச் சாற்றிலேயே நாலு நிமிடம் கொதிக்கவிட்டு, பிறகு கார்ன்ஃப்ளோர் ஊற்றினால் கெட்டுப்போவது எதுவும் இல்லை.

இனி வாங்குவது. கோவாவில் திஸ்ரியோ, மகாராஷ்டிரத்தில் திஸ்ரியா, கேரளத்தில் கக்கா, தமிழ்நாட்டுக் கடலோரத்தில் மட்டி. கொல்லத்து அஷ்டமுடிக் காயலின் மட்டி 2014-ல் சர்வதேசக் கடல்வள அமைப்பின் சான்றிதழ் பெற்றது. இந்தியாவில் எந்த மீன்பிடிப்புக்கும் அதற்கு முன் அந்தச் சான்று கிடைத்ததில்லை. அந்த மட்டியில் பெரும்பகுதி தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்குக் கப்பலேறியது. கேரளச் சந்தைகளில் ஓடு நீக்கிய சதையாகவும் விற்பார்கள். அதில் ஓட்டோடு செய்யும் சமையல் நடக்காது. வெங்காயத்தாளோடு வதக்கலாம், முட்டையில் சேர்க்கலாம்.

ஓட்டோடு வாங்கினால், வாய் பிளந்து கிடப்பதை விரலால் தட்டிப் பாருங்கள். உயிர் இருந்தால் மூடிக்கொள்ளும். மூடாததையும் ஓடு உடைந்ததையும் தூக்கிப் போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் உப்பு கரைத்து, மட்டி மூழ்கும் அளவு ஊற்றி, இருட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால் மணலைக் கக்கும். சீன வீடுகளில் இரண்டு துளி எள் எண்ணெயும் விடுவார்கள். வெறும் குழாய்த் தண்ணீரில் ஊற வைத்தால் செத்துவிடும். பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வைத்தாலும் அப்படியே. ஈரத் துணி போர்த்தி ஃப்ரிட்ஜில் வைக்கலாம். சமைத்த பிறகும் வாய் திறக்காத மட்டியோடு மல்லுக்கட்டாதீர்கள், ஒதுக்கிவிடுங்கள். உள்ளே வெறும் சேறாகக்கூட இருக்கலாம்.

மணலைக் கக்கிவிட்டது, எனவே சுத்தம் என்று நினைக்கவும் வேண்டாம். உப்புத் தண்ணீரில் போவது மணல் மட்டும். வைரஸ் போகாது, அதற்குக் கொதிதான் மருந்து. கொதிக்கும் அடங்காத ஒன்றும் உண்டு. சில பருவங்களில் கடலில் பெருகும் ஒரு வகைப் பாசியின் நஞ்சு மட்டியில் சேரும். அதை எத்தனை நேரம் வேகவைத்தாலும் போகாது. 1981-ல் தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட மட்டியைச் சாப்பிட்ட 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், மூன்று பேர் இறந்தார்கள். எனவே கடல் நிறம் மாறிக் கிடக்கும் நாட்களில் மட்டி வேண்டாம். சாக்கடை விழும் இடத்தில் பொறுக்கியதும் வேண்டாம். எங்கே எடுத்தது என்று கேளுங்கள். தெரியாது என்று விற்பவர் சொன்னால், அன்று கத்தரிக்காய் வாங்கிக்கொள்ளலாம்.

நல்ல இடத்து மட்டி கிடைத்தால் தயங்காதீர்கள். கறியை விட மலிவு, இரும்புச்சத்து நிறைய, பத்து நிமிட வேலை. முதல் முறை செய்கிறவர்களுக்குப் பீர்க்கங்காய்தான் நல்லது. மட்டி வாய் திறந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். நாலு நிமிடம் கழித்து அடுப்பை அணையுங்கள்.